தென்னங்கன்றும் வாழைக்கன்றும் பிழைதிருத்தியும்

கணினி எடிட்டரில் ‘தென்னங்கன்று’ என்று அடித்தால் பிழைதிருத்தியின் சிவப்புக் கோடு விழுகிறது. ‘தென்னைகன்று’ என்று அடித்தாலும் விழுகிறது. இரண்டாவதன் மேல் வலது க்ளிக் செய்தால் ‘தென்னை கன்று’ என்று பிரித்து எழுதச் சொல்லும். அப்படியே மாற்றிவிட்டால் கோடு போய்விடும். சரியாக எழுதியவருக்குச் சிவப்பு; தப்பாக எழுதி நடுவில் ஓர் இடைவெளி விட்டவருக்கு ஒன்றும் இல்லை.

நான் மெய்ப்பு பார்ப்பது பெரும்பாலும் வேளாண்மைப் புத்தகங்களும் உழவர்களுக்கான சிறு வெளியீடுகளும். அந்த மொழியில் திரும்பிய பக்கமெல்லாம் கூட்டுச்சொற்கள்தாம். வேப்பம்புண்ணாக்கு, கடலைப்புண்ணாக்கு, சொட்டுநீர்ப்பாசனம், தென்னைநார்க்கழிவு, பசுந்தாளுரம், பனங்கிழங்கு, கரும்புச்சோகை, வரப்புப்பயிர். கோப்பைத் திறந்ததும் பத்திக்குப் பத்தி சிவப்பாக இருக்கும். இவ்வளவு சிவப்பைத் தினமும் பார்க்கிறவர் ஒன்று பிழைதிருத்தியை அணைத்துவிடுவார், இல்லாவிட்டால் கோடு வராத மாதிரி எழுதப் பழகிக்கொள்வார். புதிதாக எழுத வருபவர்களில் பலர் இந்த இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. அவர்களிடமிருந்து வரும் கோப்பில் ‘வேப்ப புண்ணாக்கு’, ‘கடலை புண்ணாக்கு’, ‘சொட்டு நீர் பாசனம்’ என்று எல்லாமே துண்டு துண்டாகக் கிடக்கும். கேட்டால், “சேர்த்து எழுதினா தப்புன்னு காட்டுதுங்க சார்” என்பார்கள்.

அகராதியில் இன்னும் சொற்களைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லும் சொல்லும் சேருகிற இடத்தைச் சரிபார்க்கத் தெரியாத பிழைதிருத்திக்கு எத்தனை லட்சம் சொற்களைக் கொடுத்தாலும் போதாது. சேருமிடத்தின் விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் சின்ன அகராதியே நிறைய வேலை செய்யும்.

பிழைதிருத்தி உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் 1975இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ‘ஸ்பெல்’ நிரல், ஆவணத்தைச் சொல் சொல்லாக வெட்டி, அகர வரிசைப்படுத்தி, அகராதியோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாதவற்றைப் பட்டியலாகக் கொடுத்தது. பிறகு அதை டக் மெக்கில்ராய் எடுத்து மேம்படுத்தினார். அது பிடிபி-11 என்ற சிறுகணினியின் காலம். 64 கிலோபைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஆங்கிலச் சொற்களின் எல்லா வடிவங்களையும் வைக்க இடமில்லை. அதனால் முன்னொட்டு பின்னொட்டுகளைக் கழற்றிவிட்டு மிச்சமிருக்கும் பகுதியைத் தேடும்படி செய்தார். இடைவெளியில் வெட்டு, ஒட்டைக் கழற்று, பட்டியலில் தேடு: இன்றைக்கும் அடிப்படை இதுதான்.

இப்போது லிப்ரேஆபிஸ், ஃபயர்பாக்ஸ், குரோம் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரல். லாஸ்லோ நேமெத் என்பவர் ஹங்கேரிய மொழிக்காகத் தொடங்கியது. பெயரின் முதற்பாதியே ஹங்கேரிதான். ஹங்கேரியனிலும் நம்மைப் போலவே விகுதிமேல் விகுதி ஏறும், சொல்லோடு சொல் ஒட்டும். அதற்கேற்பத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கோப்புகள். ஒன்றில் சொற்கள்; ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஒரு சாய்கோடு, அதன் பின்னால் சில குறிகள். இன்னொன்றில் அந்தக் குறிகளுக்கான விதிகள். ‘மரம்’ என்பதன் குறி, ‘ம்’ போய் ‘த்தை’ வரலாம் என்று சொல்லும்; ‘மரத்தை’ பிழையில்லை என்று ஆகிவிடும்.

கூட்டுச்சொல்லுக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. ஒரு சொல்லுக்குக் ‘கூடும்’ என்று குறி போட்டால், அதே குறியுள்ள இன்னொரு சொல்லோடு அது ஒட்டலாம். முதலில் மட்டும் வரும், நடுவில் வரும், கடைசியில் மட்டும் வரும் என்றும் பிரித்துச் சொல்லலாம். கூட்டில் மட்டுமே வரும், தனியாக வந்தால் பிழை என்றும் குறிக்கலாம். ஜெர்மனில் இரண்டு சொற்களுக்கு நடுவே சில சமயம் ஓர் ‘எஸ்’ புகும். அந்த எஸ் ஏறிய வடிவத்தைக் கூட்டில் மட்டும் வருவதாகக் குறித்துவிட்டால் போதும். மூன்று மெய் அடுத்தடுத்து வரலாமா என்பதற்குக்கூடத் தனிக் கட்டளை இருக்கிறது. ஜெர்மனில் ‘கப்பல்’ என்ற சொல் இரட்டை ‘எஃப்’பில் முடியும், ‘பயணம்’ என்ற சொல் ‘எஃப்’பில் தொடங்கும். இரண்டையும் சேர்க்கும்போது ஓர் எஃப்பை விட்டுவிடுவது பழைய வழக்கம். 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மூன்றையும் எழுத வேண்டும். எழுத்து விதி மாறினால் அகராதியில் ஓரிரு வரி மாறும், அவ்வளவுதான். ஆங்கில அகராதியில் இந்த வசதிக்கு அநேகமாக வேலையே கிடையாது. 11, 12 போன்ற எண்களின் பின்னால் வரும் வரிசை விகுதி சரியா என்று பார்க்க மட்டும் இதை வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜெர்மன்காரர்கள் செய்ததை அப்படியே தமிழுக்கு எடுத்தால் என்ன ஆகும்? ‘வாழை’, ‘கன்று’ இரண்டுக்கும் ‘கூடும்’ குறி போடுவோம். ‘வாழைகன்று’ பிழையில்லை என்று ஆகிவிடும். ‘வாழைக்கன்று’ சிவப்பாகும். ‘பள்ளிகூடம்’, ‘தீபெட்டி’, ‘கடலைபுண்ணாக்கு’ எல்லாம் தேறிவிடும். தமிழில் அதிகம் நடக்கும் பிழை எதுவோ, ஒற்று விடுபடுவது, அதற்கே பிழைதிருத்தி சம்மதம் கொடுத்துவிடும். இதைவிடச் சும்மா இருப்பது மேல். கூட்டுச்சொல் வசதியைத் திறந்துவிட்ட தமிழ் அகராதியைப் பார்த்தால் நான் முதலில் அடித்துப் பார்ப்பது ‘வாழைகன்று’தான். கோடு விழாவிட்டால் அந்த அகராதியை நம்ப மாட்டேன்.

இனி மரங்களுக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

வாழை + கன்று = வாழைக்கன்று. ஆனால் தென்னை + கன்று = தென்னங்கன்று. இரண்டும் ஐகாரத்தில் முடியும் மரப்பெயர்கள், அடுத்து வருவதும் ஒரே சொல். ஒன்றில் வல்லினம் இரட்டிக்கிறது. மற்றதில் ஐ போய் மெல்லினம் வருகிறது. தென்னந்தோப்பு, தென்னங்கீற்று, தென்னம்பாளை, தென்னஞ்சோலை. பனையும் தென்னையின் கட்சி: பனங்கிழங்கு, பனங்கற்கண்டு, பனம்பழம், பனந்தோப்பு. முருங்கை வாழையின் கட்சி: முருங்கைக்காய், முருங்கைக்கீரை. மாவுக்கு ஐயே கிடையாது, ஆனாலும் மெல்லினம்தான்: மாங்காய், மாந்தோப்பு, மாம்பழம். பலா அப்படியில்லை: பலாப்பழம், பலாக்கொட்டை. விளா மறுபடி மா பக்கம்: விளாம்பழம். வேம்பு தன் நடு எழுத்தையே மாற்றிக்கொள்ளும்: வேப்பங்கொட்டை, வேப்பம்பூ, வேப்பிலை. மரப்பெயர்களின் முன் வல்லினம் வந்தால் அதற்கு இனமான மெல்லெழுத்தும் வரும் என்று நன்னூலில் தனியாகவே ஒரு நூற்பா இருக்கிறது. எந்த மரத்துக்கு எது என்பதை வழக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் புளி. மரமாக வரும்போது புளியங்கொட்டை, புளியம்பழம், புளியந்தோப்பு. அதுவே கரைத்து ஊற்றும் புளியாக இருந்தால் புளிக்குழம்பு, புளிக்கரைசல். தொல்காப்பியமே மரப்புளிக்கு ஒரு விதி, சுவைப்புளிக்கு வேறு விதி என்று பிரித்துத்தான் பேசுகிறது. அந்த இரண்டாவது விதி இன்றைய வழக்கோடு ஒத்துப்போகாவிட்டாலும், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கும் கைகொடுக்கிறது. ஹன்ஸ்பெல்லில் ஒரே சொல்லை இரண்டு வரிகளில் இரண்டு விதமான குறிகளோடு எழுதலாம். நான் புளியை அப்படித்தான் வைத்திருக்கிறேன்: ஒரு வரி மரத்துக்கு, ஒரு வரி சமையலுக்கு.

மரப்பெயரை மட்டும் பிரித்தால் முடிந்துவிடாது. பின்னால் வரும் சொல்லையும் பிரிக்க வேண்டும். தென்னங்கன்று சரி, ஆனால் ‘தென்னஞ்சாகுபடி’ என்று யாரும் எழுத மாட்டார்கள், தென்னைச்சாகுபடிதான். பனங்கிழங்கு, ஆனால் பனைத்தொழிலாளர். மரத்தின் உறுப்பாகவோ விளைச்சலாகவோ இருக்கும் பழைய சொற்கள் (கன்று, காய், கீற்று, பாளை, குருத்து, கிழங்கு, தோப்பு) மெல்லினத்தோடு வருகின்றன. பயிர்த்தொழில், அலுவலகம், சந்தை சார்ந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொற்கள் (சாகுபடி, கழிவு, தொழிலாளர், திட்டம்) வல்லினத்தை இரட்டித்துக்கொண்டு வருகின்றன. இது இலக்கண நூலில் நான் படித்த விதி இல்லை. வேளாண்மைக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட வழக்கு. விதிவிலக்கு இருக்கும். ஆனாலும் இரண்டு கூட்டமாகப் பிரித்துக் குறி போட்டதிலிருந்து வீண் சிவப்பு பெரிதும் குறைந்துவிட்டது.

விதிக்கோப்பில் இதை எழுதும் முறை இது. தென்னைக்கு ஒரு பின்னொட்டு விதி: ஐகாரக் குறியை எடுத்துவிட்டு ‘ங்’, ‘ஞ்’, ‘ந்’, ‘ம்’ என்று நான்கு வடிவம். நான்கும் கூட்டில் மட்டும் வரும், அதுவும் முதற்பகுதியாக மட்டும். ஹன்ஸ்பெல் வழக்கமாகப் பின்னொட்டைக் கூட்டின் கடைசியில்தான் அனுமதிக்கும். நடுவில் வர வேண்டுமானால் தனி அனுமதிக் குறி போட வேண்டும். அதை மறந்தால் எழுதிய விதி எதுவும் வேலை செய்யாது. அடுத்தது தடைப் பட்டியல். முதற்சொல் எந்த எழுத்தில் முடிந்து அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்கினால் ஒட்டக் கூடாது என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. ‘ங்’குக்குப் பிறகு ச, த, ப கூடாது. ‘ந்’துக்குப் பிறகு க, ச, ப கூடாது. இப்படியே போகும். குறிகளையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதால், ‘வாழைக் கட்சிக் குறியுள்ள சொல்லும் ககரத்தில் தொடங்கும் சொல்லும் நேரடியாக ஒட்டக் கூடாது’ என்றும் எழுதிவிடலாம். இப்போது ‘வாழைகன்று’ சிவப்பு. ‘வாழைக்கன்று’, ‘வாழைக்கன்றுகளுக்கு’ இரண்டும் தேறும்.

இதே கட்டளைக்கு மூன்றாவது ஒரு பகுதியும் உண்டு: ஒட்டுமிடத்தில் இரண்டு எழுத்தும் போய் வேறொன்று வரலாம் என்று சொல்லலாம். ஹன்ஸ்பெல்லோடு வரும் சோதனைக் கோப்புகளில் ஒன்று தெலுங்குச் சந்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அகரமும் உகரமும் சேர்ந்து ஓகாரமாவதைக் காட்டுகிறது. நமக்குச் சூரியோதயம், சந்திரோதயம் போன்றவற்றுக்கு உதவும். ஹங்கேரியில் பிறந்த நிரலுக்குள் நம் பக்கத்து வீட்டு மொழிக்காக ஒரு கோப்பு இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கல் + சிலை = கற்சிலை, பல் + பொடி = பற்பொடி, மண் + குடம் = மட்குடம் என்று மெய் திரிகிற இடங்களுக்கும் இதே கதவைத் தட்டலாம்.

இரண்டு சின்ன விஷயங்கள், இரண்டுமே எளிதில் கண்ணில் படாதவை. கூட்டில் சேரும் சொல்லுக்கு ஆகக்குறைந்த நீளம் மூன்று எழுத்து என்று ஹன்ஸ்பெல் தானாகவே வைத்துக்கொள்ளும். அது எண்ணுவது ஒருங்குறிக் (யூனிகோட்) குறியீடுகளை. ‘கல்’ என்பது ககரம், லகரம், புள்ளி என மூன்று, தேறிவிடும். ‘மா’ என்பது மகரமும் காலும் என இரண்டு, தேறாது. எனவே மாமரமும் பூமாலையும் எத்தனை குறி போட்டாலும் சிவப்பாகவே இருக்கும். நீளத்தை இரண்டாக்க ஒரே ஒரு வரி போதும். இன்னொன்று, பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகள். ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாக இருக்கும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. ‘புளியங்கொட்டை’ என்று கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற சொல்லின் கீழே கோடு விழுந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே வரும் எழுத்தை மாற்றிக்கொள்ள ஹன்ஸ்பெல்லில் ஒரு மாற்று அட்டவணை வைக்கலாம். அதில் இந்த ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை எழுதிவைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

முதலில் சொன்ன ‘தென்னை கன்று’ என்ற பரிந்துரையை நிறுத்தவும் ஒரு வரி போதும். தெரியாத சொல்லை இரண்டாகப் பிளந்து நடுவில் இடைவெளி போட்டுப் பரிந்துரைப்பதை ஹன்ஸ்பெல்லில் அடியோடு நிறுத்திவிடலாம். தமிழ் அகராதிகளில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். கோடு விழுவதுகூடப் பரவாயில்லை, எழுதுகிறவர் யோசிப்பார். தப்பான மாற்றை நீட்டினால் அவர் அதை ஒரே க்ளிக்கில் ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார். அடுத்த முறை முதலிலேயே அப்படி எழுதுகிறார்.

விதியால் முடியாத இடங்களும் நிறைய. ‘இலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலைப்புள்ளி, இலைப்பேன், இலைச்சுருட்டுப்புழு எல்லாவற்றிலும் ஒற்று வரும். இலைதழை என்பதில் வராது, அது இலையும் தழையும். காய்ப்புழு என்றால் காயைத் துளைக்கும் புழு, ஒற்று உண்டு. காய்கனி என்றால் காயும் கனியும், ஒற்று இல்லை. ஊடுபயிரில் ஒற்று இல்லை, வரப்புப்பயிரில் இருக்கிறது. இரு சொற்களுக்கும் என்ன உறவு என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். எழுத்தை மட்டும் பார்க்கிற நிரலுக்கு அது தெரியாது. நல்ல வேளை, இப்படி ‘உம்’ தொக்கி நிற்கும் சோடிகள் வழக்கில் குறைவு. செடிகொடி, இலைதழை, காய்கனி, தாய்தந்தை, இரவுபகல் என்று கைக்குள் அடங்கும் பட்டியல். இவற்றை முழுச்சொல்லாகவே அகராதியில் போட்டுவிடுகிறேன். பட்டியல் போடுவது சரியாகப் பொருந்துகிற இடம் இது.

விகுதியிலும் ஒரு முட்டுக்கட்டை. ஹன்ஸ்பெல் பின்னொட்டில் இரண்டு அடுக்குதான் கழற்றும். ‘கன்றுகளுக்கும்தானே’ என்பதில் எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று விகுதிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே விகுதி மாதிரி எழுதித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது, விதிக்கோப்பு வீங்கிவிடும். ஃபின்னிஷ் மொழிக்காரர்கள் இதே தொல்லையால் வொய்க்கோ என்று சொல்லைப் பகுத்துப் பார்க்கும் தனி நிரலே எழுதிக்கொண்டார்கள். தமிழுக்கும் கடைசியில் அந்த வழிதான் என்று நம்புகிறேன். ஆனால் அது வரும்வரை கையில் இருக்கும் எடிட்டரில் வேலை ஓட வேண்டுமே.

சந்தேகத்துக்கு இடமான சொற்களும் உண்டு. கைபேசியா கைப்பேசியா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது, இரண்டும் அச்சில் வருகின்றன. எலுமிச்சம்பழமும் எலுமிச்சைப்பழமும் அப்படித்தான். இவற்றுக்குச் சிவப்பு போடுவது அநியாயம். ஒன்றும் சொல்லாமல் விடுவதும் நல்லதல்ல, ஏனென்றால் ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வரக் கூடாது. விம் எடிட்டரில் இதற்கு வழி இருக்கிறது. 2006இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து விம்முக்குச் சொந்தமாகப் பிழைதிருத்தி உண்டு. அது பிழையான சொல்லுக்கு ஒரு நிறமும் ‘அரிதான’ சொல்லுக்கு வேறொரு நிறமும் காட்டும். எழுத்து சரி, ஆனாலும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று பொருள். என் அகராதியில் கைபேசி, கைப்பேசி இரண்டுமே அரிதானவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. நிறத்தைப் பார்த்ததும் அந்தப் பதிப்பகத்தின் வழக்கு எது என்று பார்த்து ஒன்றாக்கிவிடுவேன். தமிழ் எழுதுகிற எல்லா எடிட்டரிலும் இந்த இரண்டாம் நிறம் வந்துவிட்டால் வாதத்தில் பாதி தணிந்துவிடும்.

விம்மில் எனக்குப் பிடித்த இன்னொன்று. இசட், டபிள்யூ என்ற இரண்டு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால், கர்சர் நிற்கும் சொல் ‘பிழை’ என்று பதிவாகும். காட்சி முறையில் (விஷுவல் மோட்) சொற்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்தினால், நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்தே பதிவாகும். அதாவது ‘கடலை புண்ணாக்கு’ என்ற இரண்டு சொற்களையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால், தனித்தனியே சரியான இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கோடு விழும். பிழைதிருத்திகள் இடைவெளியைத் தாண்டிப் பார்ப்பதில்லை என்ற அடிப்படைக் குறைக்கு இந்தச் சின்ன வசதி ஒரு சுற்றுவழி. வேளாண் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சோடிகளை எல்லாம் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

விம் வேண்டாம், லிப்ரேஆபிஸ் போதும் என்பவர்கள் விலக்கு அகராதி ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம். புதிய பயனர் அகராதி தொடங்கும்போது ‘விலக்கு’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் ‘வாழைகன்று’ என்று போட்டு, மாற்றாக ‘வாழைக்கன்று’ என்று கொடுத்தால், கோடும் விழும், சரியான மாற்றும் வரும்.

இந்தச் சோடிகளைப் பொது விதியாக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறேன். ஐகாரத்தில் முடியும் சொல், இடைவெளி, அடுத்து க, ச, த, ப. தேடினால் வந்து குவியும். ஆனால் ‘வாழை சாய்ந்தது’, ‘இலை பழுத்தது’ என்று எழுவாயும் பயனிலையுமாக இருக்கும் சரியான இடங்களும் அதில் வந்துவிடும். ‘வாழைச் சாகுபடி’யில் ஒற்று வேண்டும், ‘வாழை சாய்ந்தது’ என்பதில் கூடாது. பின்னால் வருவது பெயரா வினையா என்று தெரிய வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி என்ற சந்திப் பிழைதிருத்தி பக்கத்துச் சொல்லையும் சேர்த்துப் பார்த்து ஒற்றுப் பரிந்துரைக்கிறது. கடைசிச் சுற்றில் ஒரு தடவை அதில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். எடிட்டருக்குள்ளேயே அந்த மாதிரி ஒன்று ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதைச் சேர்த்து எழுதுவது, எதைப் பிரிப்பது என்பதில் எனக்கு ஒரு நிலை உண்டு. ஒட்டுமிடத்தில் ஓசை மாறினால் சேர்த்தே எழுத வேண்டும்: தென்னங்கன்று, வேப்பம்பூ. ஒற்று மட்டும் மிகுந்தால் சேர்த்தும் எழுதலாம், ஒற்றை விடாமல் ‘கடலைப் புண்ணாக்கு’ என்று பிரித்தும் எழுதலாம். ஒன்றும் மாறாத இடத்தில், ‘மண்புழு உரம்’ போல, பிரித்தே விடலாம்; படிக்கிற உழவருக்கும் அதுதான் எளிது. துணைவினையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “மாட்டை அவிழ்த்துவிட்டார்” என்றால் அவிழ்க்கும் வேலை முடிந்தது. “மாட்டை அவிழ்த்து விட்டார்” என்றால் அவிழ்த்தார், மேய விட்டார். இடைவெளி போனால் மாடு கட்டுத்தறியிலேயே நிற்கலாம், வந்தால் வயலுக்குள் இறங்கியிருக்கும். இரண்டு வடிவத்தையும் எந்தப் பிழைதிருத்தியும் ஏற்கும், ஏற்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ‘அகராதியில் சேர்’ என்பதைக் கொஞ்சம் யோசித்து அழுத்துங்கள். ஓர் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பயனர் அகராதியைத் திறந்து பார்த்தேன். ‘வேப்பபுண்ணாக்கு’, ‘சொட்டுநீர்பாசனம்’, ‘வாழைதார்’ எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரோ அவசரத்தில் கோடு போனால் போதும் என்று சேர்த்துவிட்டார்கள். அன்று முதல் அந்த அலுவலகத்தில் யார் அப்படி எழுதினாலும் பிழையே இல்லை. லிப்ரேஆபிஸின் பயனர் அகராதி வெறும் எழுத்துக்கோப்புதான். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், தேவையில்லாததை அழிக்கலாம். அவ்வப்போது ஒருமுறை திறந்து பாருங்கள்.

மரப்பெயர்ப் பட்டியலை இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பவை ஈச்சை, இலுப்பை, இலந்தை, நாவல், அத்தி. ஈச்சம்பழம், அத்திப்பழம் இரண்டும் தெளிவு. நாவற்பழம், நாவல்பழம் இரண்டையும் அரிதானவை என்று குறித்திருக்கிறேன். இலுப்பைக்கும் இலந்தைக்கும் கொட்டை, கன்று, தோப்பு எல்லாம் சேரும்போது உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறீர்கள், அச்சில் எப்படிப் பார்த்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எந்த மாவட்டம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வழக்கு வேறுபடும் இடங்களைச் சிவப்பாக்காமல் இரண்டாம் நிறத்துக்கு மாற்றிவிடுவேன்.